வெள்ளை ரப்பும் கறுப்பு ரப்பும் பொருதிய காதை

வாழ்க இமெல்டா ரீச்சர். வெண்கட்டி வாளேந்திய வலக்கையர். வியர்வை துடைக்க நான்காக மடித்த கைலேஞ்சிக் கேடயம் தாங்கிய இடக்கையர். ஐந்தாம் ஆண்டு என்னும் அடங்காப் பெரும்படையின் தானைத்தலைவி. வியர்வை அருவி புருவக்கரை உடைத்துக் கண்ணுள் பாய்கின்றபோதும் பின்னக்கணக்கின் பகுதியெண்ணை விட்டுப் பார்வை பெயராத திண்ணெஞ்சர். அவர் புகழ் மன்னார்க் கடலின் அலையுள்ளவரை ஓங்குக.

காப்பாக முதலில் வணங்கப்படுவது மின்விசிறி. மூன்று இறக்கை இருந்தும் பறந்து போகாமல், உத்தரத்திலே தலைகீழாய்த் தொங்கி, சொடுக்கியைத் தட்டியவர்க்கெல்லாம் சாதி சமயம் பாராது காற்றருளும் தாயே, இந்தக் காதை பிழையின்றி நடக்க அருள்வாயாக. ஏனெனில் இந்தப் பெரும்போரில் சிந்திய வியர்வை அனைத்தும் உன் பொருட்டே சிந்தப்பட்டது.

விடத்தல்தீவுக்கும் இலுப்பைக்கடவைக்கும் நடுவே, போருக்குப் பின் சனம் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் மீண்டும் திறக்கப்பட்ட அந்தப் பாடசாலையில், கட்டி முடிந்த அறை ஒன்றே ஒன்று. சுவரிலே மஞ்சள் பூச்சு, யன்னலிலே பச்சைக் கம்பி, கதவிலே புதுப்பூட்டு, மின்சாரம் பாயும் துளைகள் இரண்டு, உச்சியிலே முன்சொன்ன தேவி. மற்ற வகுப்புகள் யாவும் தகரக் கொட்டகைகளில் நடந்தன. சோளகக் காற்று எழும்புவதற்கு முந்திய வைகாசித் தொடக்கம் அது. காற்று ஆடாமல் நின்றது. இலை அசையாமல் நின்றது. சூரியன் மட்டும் ஓய்வில்லாமல் கடமை செய்தான். தகரத்தின் கீழே அமர்ந்த ஐந்தாம் ஆண்டுச் சிறார், அடுப்பேறிய இடியப்பத் தட்டிலே அடுக்கப்பட்டவர்போல வெந்து, ஆவி விட்டு, ஒருவர் தோளில் ஒருவர் ஒட்டிக்கொண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமானார்கள்.

புத்தம்புதிய அறையை எந்த வகுப்புக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க அதிபர் அபூசாலி அஞ்சினார். கொடுத்தால் ஒருவர் மகிழ்வார், மற்றவர் எல்லாம் முகத்தை நீட்டுவர் என்பதை அறிந்த அந்த நீதிமான், அறையைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் இட்டு, மாதக்கணக்காக எவர் கண்ணையும் பாராமல் நடமாடினார்.

"ரீச்சர், நாங்கள் எப்ப ஃபானுக்குக் கீழ போறது?" என்று நாள்தோறும் கேட்டாள் முதல்வரிசை ஜெனிஸ்ரா.

"கடவுள் ஒரு வழி விடுவார்" என்றார் இமெல்டா ரீச்சர்.

கடவுள் விட்ட வழி மன்னாரிலிருந்து ஒரு வெள்ளை வான் வண்டியில் வந்திறங்கியது. தொண்டு நிறுவனமொன்றின் திட்ட அலுவலரான கிறிஸ்ரினா, பல்கலைக்கழகம் முடித்து ஓராண்டுகூட ஆகாத இளையவள், ஆசிரியர் எல்லோரையும் கூட்டியிருந்த அதிபரின் மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்து மூடி திறந்தாள். உள்ளே, கோயிற் பீடத்துத் திருப்பண்டம்போலப் பஞ்சணையில் பள்ளிகொண்டிருந்தன இரண்டு தொடுதிரைப் பலகைகள். ரப்லெற் என்ற பெயரைக் குறுக்கி ஊரார் அவற்றை ரப் என்றனர். ஒன்று வெள்ளை, சங்கின் நிறம், சலவைக்கல்லின் வழவழப்பு, தொட்டால் அழுக்குப் படுமோ என்று தொடுபவரை நாணவைக்கும் மேட்டிமை. மற்றையது கறுப்பு, எருமைக்கன்றின் மேனி, தடித்த விளிம்பு, எவர் தூக்கினாலும் போகும் எளிமை.

"கைப்பலகையால படிப்பிக்கிற திட்டம் இது. இரண்டு வகையும் ஒவ்வொண்டு தாறம். எது உங்கட பிள்ளையளுக்கு நல்லது எண்டு நீங்களே பாவிச்சு ஒப்பிட்டுச் சொல்லுங்கோ. வாற கிழமை வருவன். நீங்கள் சொல்லுற வகையில ஒரு வகுப்புப் பிள்ளையள் எல்லாருக்கும் போதுமான அளவு தருவம்" என்றாள் கிறிஸ்ரினா.

அப்போது அதிபரின் உள்ளத்திலே மின்னல் வெட்டியது. அவர் எழுந்து, திறப்பைச் சட்டைப்பையிலிருந்து உருவி, உயர்த்திப் பிடித்து, வரலாறு மறவாத அந்தப் பிரகடனத்தைச் செய்தார்: எந்த ரப் வெல்கிறதோ அந்த ரப்பைப் பாவித்த ஆசிரியரே பொறுப்பாளர், ரப்புக்கு மின்சாரம் வேண்டுமாதலால் அவருடைய வகுப்பே மின்சார அறையில் குடியேறும், தீர்ப்பைச் சொல்லப்போவது கிறிஸ்ரினா, தாமல்லர்.

ஆசிரியர் யாவரும் அந்தத் திறப்பையே நோக்கினர். அந்நேரம், பூட்டிய அறையிலிருந்து மின்விசிறி மெல்லக் கிறீச்சிட்டதாக இமெல்டா ரீச்சருக்குக் கேட்டது. அது ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் கேட்டது.

அவர் கை வெள்ளையின்மேல் விழுந்தது. அதே கணம் கறுப்பின்மேல் விழுந்தது இன்னொரு கை; எட்டாம் ஆண்டின் விஞ்ஞானக் காவலர் நவரத்தினம் மாஸ்டரின் கை.

யார் இந்த நவரத்தினம்? அடம்பன் வயற்காட்டிலிருந்து நாள்தோறும் மோட்டார் சைக்கிள் ஊர்ந்து வருபவர். நெல்லும் படிப்பும் ஒருசேர விளைவிப்பவர். பொலித்தீன் கவசத்தின் பெருவேந்தர். அவருடைய அடையாள அட்டைக்குப் பொலித்தீன் உறை, கைக்கடிகாரத்துக்குப் பொலித்தீன் உறை, மோட்டார் சைக்கிள் இருக்கைக்குப் பொலித்தீன் உறை, வெற்றிலைக்கும் உண்டு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மழையிலும் ஆற்றிலும் சேற்றிலும் எதை இழந்தாலும் பொலித்தீனில் சுற்றியதை மட்டும் இழக்காத அந்த மாவீரரின் எட்டாம் ஆண்டும் தகரத்தின் கீழேதான் வெந்தது.

அன்றே போர் மூண்டது.

முதலாம் போர் வெயிற்களத்தில் நிகழ்ந்தது. இரு தலைவரும் தத்தம் படையுடன் வேப்பமரத்து நிழலுக்கு வெளியே அணிவகுத்துப் பலகைகளை விரித்தனர். ஐயகோ, வெள்ளையின் திரையிலே பாடம் தெரியவில்லை. பளிங்குபோல் மின்னிய அதிலே ஜெனிஸ்ராவின் முகம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டாள். அவளைத் தொடர்ந்து முதல்வரிசை முழுவதும் சீவிக்கொண்டது. பகையணி நகைத்தது. ஆனால் பகையணியின் கறுப்பிலேயும் நவரத்தினம் மாஸ்டரின் மீசை ஒன்றே தெரிந்ததால், அந்தப் போர் இருவர்க்கும் வெற்றி தோல்வியின்றி நிழலுக்குள் பின்வாங்கி முடிந்தது.

இரண்டாம் போர் நினைவட்டைப் போர் எனப்படும். பாடங்கள் எல்லாவற்றையும் நகத்தளவு அட்டை ஒன்றில் அடைத்துத் தந்துவிட்டுப் போயிருந்தாள் கிறிஸ்ரினா. கறுப்பு தன் விலாவிலிருந்த சிறு வாயைத் திறந்து, பசித்த கொக்கு மீனை விழுங்குவதுபோல அதை விழுங்கியது. வெள்ளைக்கோ வாயே இல்லை. இமெல்டா ரீச்சர் அதை மேலும் கீழும் புரட்டி, சீப்பின் பல்லால் விளிம்பெல்லாம் தடவி, இறுதியில் அட்டையை அதன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். பயனில்லை.

"என்ன ரீச்சர், உங்கட வெள்ளைக்கு வாயில்லையே? பட்டினி கிடந்து சாகப்போகுது" என்றார் நவரத்தினம் மாஸ்டர்.

"உங்கடதுக்கு வாய் இருக்கு மாஸ்டர். தமிழ்தான் வராது" என்றார் இமெல்டா ரீச்சர்.

அது வீண்சொல் அன்று. கறுப்பின் திரையில் தோன்றிய தமிழ், இரவோடிரவாக அடிபட்டு அணிகுலைந்த சேனைபோல, எழுத்து ஒரு திக்கிலும் அதன் கொம்பு ஒரு திக்கிலும் கால் பிறிதொரு திக்கிலுமாகச் சிதறிக் கிடந்தது. இடையிடையே உயிர் துறந்த எழுத்துக்களின் கல்லறைகளாய்ச் சதுரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. எட்டாம் ஆண்டு மாணவர் அந்தப் போர்க்களத்தில் ஒளித்தொகுப்பு என்ற சொல்லைத் தேடி ஒரு பாடவேளை முழுவதும் அலைந்தனர். நவரத்தினம் மாஸ்டரோ அசையவில்லை. "படத்தைப் பாருங்கோ, எழுத்தை நான் சொல்லுறன்" என்று முழங்கினார்.

மூன்றாவதாகப் பசிப்போர். கறுப்பு ஊட்டிய மின்சாரத்தை உச்சிவேளைக்கு முன்பே குடித்து முடித்து மயங்கும். வெள்ளை பாடசாலை விடும் மணி அடித்தாலும் சோராது. இந்த வேறுபாட்டை இருவரும் அதிபரின் வாசலில் நின்று உரத்து விளக்கிக்கொண்டிருந்தபோது, மதிய உணவு சமைக்கும் அன்னப்பிள்ளை கரண்டியும் கையுமாக வந்து நடுவே புகுந்தார்.

"ரெண்டு பேரும் முதல்ல வந்து சாப்பிடுங்கோ. அதுகள் சார்ஜ் இல்லாமக் கிடக்கும். பிள்ளையள் சோறு இல்லாமக் கிடக்குமோ?" என்றார்.

போர் சற்றே நின்று, சொதியுடன் மீண்டும் தொடர்ந்தது.

ஆனால் வாயில்லா வெள்ளைக்குப் பாடமூட்டுவது எப்படி? காற்றுவெளியே வழி என்று அறிந்தார் இமெல்டா ரீச்சர். இணையம் என்னும் அரூபத் தெய்வம் அந்தப் பாடசாலைக்கு எழுந்தருள்வதில்லை. பிரதான வீதியில் பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் உள்ள மதகின்மேல், வடக்குப் பக்கக் கைப்பிடிக் கட்டின்மேல் ஏறி நின்றால் மாத்திரம் கைத்தொலைபேசி வழியாகக் காட்சி தரும். ஆகவே, பாடசாலை விட்டதும், உச்சிச்சூரியன் தணியாத அந்த வேளையில், குடையைத் தோளில் அணைத்து, வெள்ளையை மார்பில் அணைத்து, துவிச்சக்கரவண்டி என்னும் தேரை மிதித்து, ஆட்டுக்கூட்டத்தை ஊடறுத்து, கருவாட்டு லொறியின் புழுதியை விழுங்கி, மதகை அடைந்து, கட்டின்மேல் ஏறி நின்றார் அந்த வீராங்கனை.

வெள்ளை அவரை வரவேற்கவில்லை, விசாரித்தது. நீ யார்? உன் பெயர் என்ன? பிறந்த திகதி என்ன? இரகசியச் சொல் ஒன்று வை. அது போதாது, பெரிய எழுத்தும் வேண்டும். அதுவும் போதாது, இலக்கமும் வேண்டும். சோதனைச் சாவடிகள் பலவற்றில் இதைவிடக் கடுமையாக விசாரிக்கப்பட்டுப் பழகிய ரீச்சர் எல்லாவற்றுக்கும் அமைதியாக விடையளித்தார். கடைசியாக, இரகசியச் சொல்லை மறந்துபோனால் கேட்பதற்காக, அது ஒன்று கேட்டது: நீ வளர்ந்த ஊர் எது?

வியர்வை கண்ணில் இறங்கியது. குடை காற்றில்லாமலே சரிந்தது. யாழ்ப்பாணம் போகும் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு நெருங்கியது. இமெல்டா ரீச்சர் ஏதோ ஓர் ஊரைத் தட்டிவிட்டுக் கட்டின்மேலிருந்து குதித்தார்.

பாடங்கள் வந்து குவிந்தன. அந்தக் கிழமை முழுவதும் வெள்ளை, தமிழை முத்துக்கோத்தாற்போல ஒளிரவைத்தது. பின்னம் வட்டங்களாக வெட்டுண்டு மீண்டும் ஒட்டியது. ஜெனிஸ்ரா கைகளைப் பாவாடை விளிம்பில் துடைத்துவிட்டுத் திரையைத் தொடக் கற்றுக்கொண்டாள். வெற்றி நெருங்குகிறது என்று உணர்ந்த ரீச்சர், பூட்டிய அறையின் யன்னலருகே போய் நின்று, எந்தப் பிள்ளையை எந்த இடத்தில் இருத்துவது, மூச்சிழுப்பு வருத்தக்காரன் றெக்சனை விசிறிக்கு நேர் கீழே வைப்பதா சற்றுத் தள்ளி வைப்பதா என்றெல்லாம் மனத்துள் வியூகம் அமைத்தார்.

தீர்ப்புநாள் புலர்ந்தது.

அதிபர் திறப்பை மேசைமேல் வைத்தார். கிறிஸ்ரினா இணையத்தைத் தன் கைப்பைக்குள் ஒரு சிறு கருவியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். பெற்றோர் வேலியோரம் திரண்டனர். ரீச்சர் வெள்ளையைத் தூக்கி உயர்த்தி, பாடத்தைத் திறக்க விரல் வைத்தார்.

இணையத்தின் வாடை பட்டதும் வெள்ளை தன் பழைய குணத்துக்குத் திரும்பியது. இரகசியச் சொல்லைக் கேட்டது. ரீச்சர் சொன்னார், பிழை என்றது. பெரிய எழுத்தை முன்னே வைத்தார், பிழை. இலக்கத்தைப் பின்னே வைத்தார், பிழை. வெள்ளை சற்று யோசித்து, மரியாதையாக, மதகின்மேல் கேட்ட அந்தக் கேள்வியையே மறுபடி கேட்டது.

"லேசு ரீச்சர்" என்றாள் கிறிஸ்ரினா. "நீங்கள் வளர்ந்த ஊரைச் சொன்னா திறந்திடும்."

"லேசில்லைப் பிள்ளை" என்றார் இமெல்டா ரீச்சர்.

"இதில என்ன யோசினை?" என்றார் வேலியோரம் நின்ற அன்னப்பிள்ளை. "விடத்தல்தீவு எண்டு போடுங்கோ. உங்கட ஞானஸ்நானத்துக்கு நான் வந்தனான் எல்லோ."

போட்டார். பிழை.

"மடுவில கனகாலம் இருந்தனீங்கள்" என்றது வேறொரு குரல். மடு போட்டார். பிழை. வள்ளமேறி இந்தியா போய்ச் சேர்ந்த மண்டபம் முகாம் போட்டார். அங்கேதான் பத்தாம் வகுப்புவரை படித்தார். அதுவும் பிழை.

"ஒரு ஊரைத்தானே ரீச்சர் போட்டிருப்பீங்கள்?" என்றாள் கிறிஸ்ரினா.

"ஓம் பிள்ளை, ஒண்டுதான். ஆனா எந்த நேரத்து ஊரைப் போட்டனெண்டு ஞாபகமில்லை."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கணம் எல்லோரும் தங்கள் தங்கள் விடையைத் தேடினார்கள். பிறகு அணை உடைந்தது. முருங்கன் போட்டுப் பாருங்கோ என்றார் ஒருவர். திருச்சி முகாம் என்றார் இன்னொருவர். "நான் வளர்ந்தது புத்தளம். அதையும் ஒருக்காப் பாப்பமோ?" என்றார் அதிபர், கேள்வி தம்மிடம் கேட்கப்படவில்லை என்பதையும் மறந்து. பகைமறந்த நவரத்தினம் மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"தருமபுரம் போடுங்கோ ரீச்சர்."

"நான் அங்க ஒருநாளும் இருக்கேல்லை மாஸ்டர்."

"நான் இருந்தனான்."

ரீச்சர் மறுக்க மனமின்றித் தருமபுரமும் போட்டார். வடமாகாணத்து வரைபடத்தையும் தமிழ்நாட்டுக் கரையோரத்தையும் ஒருசேர விழுங்கிய வெள்ளை, இத்தனை ஊரில் ஒருத்தி வளர்ந்திருக்க முடியாது, இவள் களவாணியே என்று தீர்மானித்து, இன்று இனி முயலவேண்டாம் என்ற கட்டளையைப் பொறித்துவிட்டுக் கதவடைத்தது.

வெள்ளை வீழ்ந்தது. ஐந்தாம் ஆண்டின் வரிசையிலிருந்து எழுந்த பெருமூச்சில் அந்த வைகாசியின் முதற்காற்று வீசியது.

இனிக் கறுப்பின் முறை. நவரத்தினம் மாஸ்டர், பகைவருக்காக இரங்கிய முகத்தை மாற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் பின்னாசனத்தில் கட்டியிருந்த பொதியை அவிழ்த்துக் கொணர்ந்தார். மயங்கும் குணமுள்ள கறுப்பை விடியுமட்டும் மின்சாரத்தில் மாட்டி, பாடத்தை ஓடவிட்டு, ஓடுகிறபடியே கட்டிக்கொண்டு வந்திருந்தார், அவை முன் தாமதமின்றி ஒளிரவேண்டும் என்பதற்காக. வெளியே கடைப்பை. அதனுள் உரப்பையின் உட்தாள். அதனுள் சோறு கட்டும் லஞ்ச் சீற். அதனுள் இன்னுமொரு கடைப்பை, காற்றும் நுழையாத இரட்டை முடிச்சுடன். ஒவ்வொரு உறையாக உரித்தபோது, வாழையிலைப் பொட்டலத்திலிருந்து எழுவதுபோல ஆவி எழுந்தது. கடைசி உறை விலகியதும் கறுப்பைத் தொட்டவர் கையை உதறினார். அடம்பனிலிருந்து வெயிலில் அவிந்து வந்த அந்த மாவீரன் கண் திறக்கவில்லை.

"மாஸ்டர், இதை ஏன் இப்பிடிச் சுத்தினீங்கள்?" என்று மெல்லக் கேட்டாள் கிறிஸ்ரினா.

"முக்கியமான சாமானை வேற எப்பிடிக் கட்டுறது?" என்றார் நவரத்தினம் மாஸ்டர், உண்மையாகவே விளங்காமல். "என்ர காணி உறுதியும் பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரமும் இப்பிடித்தான் மிஞ்சினது."

வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்குள்ளே கறுப்பும் வீழ்ந்தது.

இரு பெருவீரரும் களத்தில் சாய்ந்து கிடக்க, எவருக்கு வாகை என்று விண்ணவரும் மண்ணவரும் திகைத்து நிற்க, கிறிஸ்ரினா திறப்பைப் பாய்ந்து எடுத்தாள். மின்சார அறையின் கதவைத் திறந்தாள். மேசையொன்றை நடுவே இழுத்து, வெந்த கறுப்பையும் விறைத்த வெள்ளையையும் அருகருகே கிடத்தி, சொடுக்கியைத் தட்டினாள். தேவி கண்விழித்தாள். முதலில் ஒரு முனகல்; பின்பு ஒரு சிலிர்ப்பு; பின்பு மூன்று இறக்கையும் ஒன்றாகித் தெரியாமற்போன பெருஞ்சுழற்சி; யன்னற் கம்பிகளினூடே அந்தக் காற்றின் நுனி வெளியே வந்து, அங்கே நெருக்கியடித்து நின்ற ஐந்தாம் ஆண்டின் நெற்றி மயிரையும் எட்டாம் ஆண்டின் மேற்சட்டைக் கழுத்தையும் ஒரே ஒருமுறை தடவிவிட்டு உள்ளே திரும்பியது. கறுப்பு இமைத்தது. பிழைத்தது.

"சூடும் தூசும் இல்லாத இடத்திலதான் இதுகளை வைக்கவேணும் சேர்" என்றாள் கிறிஸ்ரினா அதிபரிடம், நெற்றியைத் துடைத்தபடி. "ஒப்பிட்டது காணாது. ரெண்டும் சமமாத்தான் நிக்குது. இன்னொரு தவணைக்குப் பாவிச்சுப் பாருங்கோ. அதுவரைக்கும் இந்த அறையிலயே இருக்கட்டும்."

அதிபர் அபூசாலியின் முகத்தில், எவரையும் பகைக்காமல் தீர்ந்துபோன வழக்கின் பேரொளி பரவியது. அவர் அவையை நோக்கி இறுதிப் பிரகடனம் செய்தார்: ரப் இரண்டும் விசிறியின் கீழ் வீற்றிருக்கும், பிள்ளைகள் கால்தூசியோடு உள்ளே வரலாகாது, பாடவேளைக்கு எடுத்துப்போய்ப் பாடவேளை முடிந்ததும் கொண்டுவந்து வைக்கவேண்டும், அறை பூட்டியே இருக்கும், விசிறி ஓடிக்கொண்டே இருக்கும்.

பூட்டு விழுந்தது. திறப்பு மீண்டும் சட்டைப்பைக்குள் இறங்கியது. உள்ளே, மஞ்சள் சுவர்களுக்கு நடுவே, முகாம் காணாத, வள்ளம் ஏறாத, சாவடி கடவாத இரு தொடுதிரைப் பலகைகள், தேவலோகத்துச் சாமரக் காற்றில் மேனி குளிர்ந்து துயில்கொள்ள, வெளியே, ஐந்தாம் ஆண்டின் தானைத்தலைவியும் எட்டாம் ஆண்டின் பொலித்தீன் வேந்தரும் ஒருவரை ஒருவர் நோக்கி, வாளை உறையிலிட்டு, தத்தம் தகரக் கோட்டை நோக்கித் தத்தம் சேனையை நடத்திச் செல்ல, வைகாசிச் சூரியன் உச்சியில் நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இமெல்டா ரீச்சர் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து விசிறிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.